மருதேவி நிறுத்திய எண்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக வீடுகள் முளைத்த தெருவொன்றில், மாடியறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவள் மருதேவி. முப்பத்தெட்டு வயது. புருஷன் அஜிதனுக்குத் தாலுகா ஆபீசில் வேலை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிற சமண நயினார் வீடு என்பதால், ராத்திரிச் சமையல் இல்லை, அந்த நேரமும் எடிட்டிங்குக்குத்தான் என்று கேலி பேசுவார்கள்.

எடிட்டிங்கைவிட இன்னொரு காரியத்தில் அவளுக்குப் பெயர் ஜாஸ்தி. கம்ப்யூட்டரின் பிராசஸரை, கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஏற்றித் தருவாள். ஓவர்க்ளாக் பண்ணுகிறேன் என்று கிளம்பி மதர்போர்டைக் கருக்கியவர்கள் ஊரில் நாலைந்து பேர் உண்டு. மருதேவி கையில் ஒன்றும் கருகியதில்லை. ஒரு படி ஏற்றுவாள். அரை மணி நேரம் முழுச் சுமை கொடுத்து ஓடவிடுவாள். சூடு எண்பத்தைந்து டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் அடுத்த படி. திணறினால் வோல்டேஜைத் துளி கூட்டிப் பார்ப்பாள், ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு கெஞ்சினாலும் கூட்டமாட்டாள். கடைசியில், தாங்கிய எண்ணிலிருந்து இரண்டு படி இறக்கி வைத்துக் கொடுப்பாள். ஏன் என்று கேட்டால், "அது நம்ம ஊரு வெயிலுக்கு" என்பாள்.

ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு பிராசஸர்கூட ஒரே அளவு ஏறுவதில்லை. அது பிறவி அதிர்ஷ்டம். மருதேவியுடையது ஐந்து கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் நின்றது. இரண்டு படி இறக்கி நாலு பாயிண்ட் எட்டில் வைத்திருந்தாள். ஊரில் எடிட்டிங் மெஷின்களில் அதுதான் வேகம். அதைச் சொல்லிக்கொண்டதில்லை, ஆனால் தினமும் நினைத்துக்கொள்வாள்.

மாசி மாதத்தில் ஒருநாள் காலை, இனியா தன் கம்ப்யூட்டரை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினாள்.

இனியா இரண்டு வருஷம் இதே அறையில், மருதேவிக்குப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவள். அடி அண்ணாமலையில் தன் வீட்டிலேயே தனியாகத் தொடங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் போட்டோகிராபர் மாறன் அவளுக்கும் வேலை கொடுக்க ஆரம்பித்திருந்தார். மருதேவிக்குப் பாதி வேலை மாறனிடமிருந்துதான் வருகிறது. காலை முகூர்த்தத்தை அன்று சாயங்கால ரிசப்ஷனிலேயே பெரிய திரையில் போட்டுக் காட்டுவது இப்போது எல்லாரும் கேட்கிற சங்கதி. வைகாசியில் அப்படி ஏழு கல்யாணம் மாறன் கையில் இருந்தது. ஏழையும் ஒருத்தரிடமே தரப்போவதாகச் சொல்லியிருந்தார். யாரிடம் என்று சொல்லவில்லை.

"நீங்களே ஏத்திக் குடுத்துடுங்கக்கா. நான் கை வச்சா பொசுங்கிடும்," என்றாள் இனியா.

"தனியா தொழில் பண்றவ இதெல்லாம் கத்துக்க வேணாமா?"

"நீங்க இருக்கறப்ப எனக்கு எதுக்குக்கா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அந்தச் சிரிப்புதான் மருதேவிக்கு ஆகாது. கஸ்டமர்கள் அதைப் பார்த்துத்தான் இனியாவிடம் போகிறார்கள் என்று அவளுக்கு ஓர் எண்ணம்.

மெஷினைத் திறந்து தூசி ஊதி, சூட்டைக் கடத்துகிற புதுப் பேஸ்ட் தடவி, கூலரைத் திருப்பி மாட்டி, வேலையை ஆரம்பித்தாள். நாலு பாயிண்ட் ஏழு, சூடு அறுபத்திரண்டு. எட்டு, ஒன்பது. ஐந்து வந்தபோது விரலைக் கடித்தாள். வோல்டேஜைத் தொடவே இல்லை, அது பாட்டுக்கு ஓடியது. ஐந்து பாயிண்ட் ஒன்று. இரண்டு. மூன்று. சூடு எழுபத்தைந்தில் அசையாமல் நின்றது. அதற்கு மேல் எதுவரை போகும் என்று பார்க்க மருதேவிக்கு மனசு வரவில்லை.

தன் வழக்கப்படி இரண்டு படி இறக்கினால் ஐந்து பாயிண்ட் ஒன்று. நாற்பது நிமிஷ வேலையில் இனியா மருதேவியைவிட இரண்டரை நிமிஷம் முன்னால் முடிப்பாள். இரண்டரை நிமிஷம்தான். ஆனால் மாறன் மணி பார்க்கிற ஆள்.

நாலு பாயிண்ட் ஏழில் வைத்து மூடினாள்.

சாயங்காலம் வந்த இனியா, "இதுக்கு மேல போகாதாக்கா?" என்று கேட்டாள்.

"போகாது. போட்டா பிராசஸர் ஆயுசு குறைஞ்சிடும். இது சேஃப்."

"நீங்க சொன்னா சரி."

இனியா போன பிறகும் மருதேவிக்கு மனசு ஆறவில்லை. நாலு பாயிண்ட் எட்டு என்ற தன் எண் திடீரென்று ஏழையாகத் தெரிந்தது. அன்றைக்கே தன் மெஷினை ஐந்துக்கு ஏற்றினாள். மாசிக் காற்றில் சூடு எண்பத்து நாலில் நின்றது. நிற்கிறதே, போதும் என்று விட்டுவிட்டாள். பதினைந்து வருஷத்தில் யாருக்கும் அப்படி வைத்துக் கொடுத்ததில்லை.

சித்திரையின் கடைசி முகூர்த்தம் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரத்து மண்டபத்தில். அக்னி நட்சத்திரம் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. மலை பகலெல்லாம் குடித்த வெயிலைச் சாயங்காலம் ஊர்மேல் ஊதிக்கொண்டிருந்தது. மருதேவி மெஷினை அங்கேயே கொண்டுபோய், தகரக் கூரை போட்ட சாமான் அறையில் வைத்துக்கொண்டாள். ஏழு மணிக்குத் திரையில் ஓட வேண்டும். நாலே முக்காலுக்கு எடிட் முடிந்து, எல்லாவற்றையும் ஒரே படமாகக் கோக்க ரெண்டர் போட்டாள். சூடு தொண்ணூறு, தொண்ணூற்று நாலு. பாதியில் திரை உறைந்தது.

பின்னால் மாறன் நின்றிருந்தார். "என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணா. சாஃப்ட்வேர் கோளாறு."

வேகத்தை இறக்கினால் போதும் என்று அவளுக்குத் தெரியும். மாறன் பார்க்க இறக்கக் கூசியது. அதே ஐந்தில் மறுபடி போட்டாள். முக்கால் கிணறு தாண்டியதும் மறுபடி நின்றது. மணி ஆறு.

"அண்ணா, ஒரு செட்டிங் மாத்திட்டுப் போட்டா சரியாயிடும்..."

"இன்னொரு தடவை நின்னுச்சுன்னா பொண்ணோட அப்பாவுக்கு யாரும்மா பதில் சொல்றது? டிஸ்க்க எடுத்துக்கிட்டு இனியா வூட்டுக்குப் போங்க. போன் பண்ணிட்டேன்."

இனியாவின் வீட்டிலும் ஏசி கிடையாது. அனலாகக் கொதித்த அறையில் அவள் ஒன்றும் கேட்காமல் டிஸ்க்கை வாங்கிச் செருகி ரெண்டர் போட்டாள். சூடு எழுபத்து நாலில் ஏறி நின்றது. ஃபேன் சத்தம்கூடப் பெரிதாகவில்லை. மருதேவி அந்த எண்ணையே பார்த்தாள். பொறாமையில் தான் பிடுங்கி வைத்த படிகள் அத்தனையும் வெயிலுக்குக் குடையாக நின்றன.

இனியா உள்ளே போய்த் தட்டோடு வந்தாள். "பொழுது சாயப் போகுது, சாப்டுடுங்கக்கா. தயிர்சாதம்தான். வெங்காயம் போடல."

மருதேவி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஊருல எல்லார் மெஷினும் இந்த வெயில்ல நிக்குதுக்கா. என்னுது ஒரு நாள் நின்னதில்ல. நீங்க செட் பண்ணதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

"சொல்லாத," என்றாள் மருதேவி. "உன்னுது அஞ்சு பாயிண்ட் ஒண்ணு தாராளமா போகும். நான்தான் கம்மியா வச்சேன்."

"வெயிலுக்காகவாக்கா?"

"இல்ல. என்னுதைத் தாண்டிப் போறது பொறுக்கல."

இனியா மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். திரையில் தொண்ணூற்றிரண்டு சதவீதம் என்று காட்டியது.

"நாளைக்குக் கொண்டா. ஏத்தித் தரேன்," என்றாள் மருதேவி.

"எதுக்குக்கா? இப்டியே இருக்கட்டும். ரெண்டு நிமிஷம் மிச்சம் புடிச்சு என்ன பண்ணப் போறேன்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் மருதேவி தாங்கியிருப்பாள். பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தாலும் தேவலை. இனியா நிஜமாகவே வேண்டாம் என்றுதான் சொன்னாள், இன்னொரு கரண்டி சோறு வேண்டாம் என்கிற மாதிரி. மூன்று மாதமாகத் தான் தூக்கம் கெட்டுக் காத்த ஒன்று, இவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. மெஷினைப் பார்த்துப் பொறாமைப்பட்டபோதுகூட இப்படி எரிந்ததில்லை.

ஆறே முக்காலுக்கு முடிந்தது. இனியாவின் ஸ்கூட்டியில் இருவரும் மண்டபத்துக்குப் போனார்கள். ஏழு மணிக்குப் படம் ஓடியது. தாலி ஏறிய இடத்தில் மேளத்தை நிறுத்தி, பெண்ணின் அம்மா கண்ணைத் துடைப்பதை மட்டும் மருதேவி ஒட்டியிருந்தாள். அங்கே கூட்டமே அமைதியானது.

விளக்கு போட்டதும் மாறன் அவளிடம் வந்தார். "வைகாசி ஏழையும் இனியாகிட்டயே குடுத்துடறேன்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லண்ணா. அவ மெஷின் நல்லா இருக்கு," என்றாள் மருதேவி.

அதைச் சொல்லிவிட்டு, கூட்டத்துக்கு நடுவில் யாருடைய குழந்தையையோ தூக்கி வைத்துச் சிரித்துக்கொண்டிருந்த இனியாவையே பார்த்தபடி நின்றாள்.