தட்டிப் பார்க்காத வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் எங்கள் வாசலில் கறுப்பாக ஒரு வண்டி நிற்கிறது. எங்கள் வாசல் என்று சொன்னது ஒரு பேச்சுக்கு. எங்கள் வாசல், பக்கத்து வீட்டு வாசல், அதற்கடுத்த தையல்காரம்மா வாசல் மூன்றையும் அடைத்துக்கொண்டு நின்றது. பீளமேட்டில் எங்கள் சந்து எத்தனை அகலம் என்று நீங்கள் பார்த்ததில்லை. ஒரு ஆட்டோ உள்ளே வந்தால் எதிரே வருகிற மோட்டார் சைக்கிள் யார் வீட்டுக்குள்ளாவது போய் நின்றுகொள்ள வேண்டும்.

வண்டியிலிருந்து பிரவீன் இறங்கினான். கைப்பிடியைப் பிடித்து, படியில் கால் வைத்து, மாடியிலிருந்து இறங்குகிற மாதிரி. என் பெரிய மாமன் மகன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. முறைப்படி நான் அவனுக்கு அக்கா இல்லை. ஆனால் இவ்வளவு மூத்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவான், பாவம்.

"ஏனுங்க்கா, வண்டி எப்படி இருக்குதுங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் போனை நீட்டிவிட்டான். மூன்று வண்டிகளை ஒப்பிட்டு யாரோ எடுத்த வீடியோ. 'ஃபுல் சைஸ் பிக்கப்' என்று ஒரு ரகமாம். எது எத்தனை டன் இழுக்கும், எது எவ்வளவு தூரத்தில் பிரேக் பிடித்து நிற்கும், எதன் கதவு எத்தனை கனம் என்று தொப்பியைத் திருப்பிப் போட்ட ஒருவன் விளக்குகிறான். ஈ காக்கை இல்லாத ரோட்டில் வேகமாக ஓட்டி வந்து பிரேக் போட்டுக் காட்டுகிறான். ஆளே இல்லாத ரோட்டில் யாருக்காக நிற்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. நம் ஊரில் பிரேக் என்பது நடுரோட்டில் படுத்திருக்கிற எருமைக்காக.

"எதை இழுக்கப்போறே கண்ணு?" என்றேன்.

யோசித்தான். "தேவைப்பட்டா இழுக்கலாமுங்க்கா."

சாமான் ஏற்றுகிற இடத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். அதற்கு ஒரு மூடி, மூடிக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு ரிமோட். உள்ளே ஒரு குடை இருந்தது. சுருட்டிய யோகா பாய் ஒன்று இருந்தது. கீறல் விழாமல் இருக்க ரப்பர் விரிப்பு போட்டிருந்தான். பொதி சுமக்கக் கழுதை வாங்கியவன் முதுகு அழுக்காகாமல் போர்வை போர்த்தி வைத்த கதைதான்.

முன்னால் ஏறி உட்காரச் சொன்னான். உட்கார்ந்தேன். பல்டாக்டர் அறை வாசம் அடித்தது. எனக்குத் தெரிந்து பிக்கப் வண்டிக்கு இரண்டே வாசம்தான். ஒன்று சின்ன வெங்காயம், இன்னொன்று முட்டை.

வெங்காயம் பெரிய மாமன் வண்டி. முட்டை சின்ன மாமன் வண்டி. இரண்டு பேரும் எங்கள் அம்மாவின் தம்பிகள். தாராபுரம் பக்கம். எங்கள் குடும்பம் தலைமுறையாக ஒரே தோட்டத்தில் கூலி வேலை பார்த்தது. வெங்காயம் நட்டது, களை எடுத்தது, பிடுங்கியது, மூட்டை பிடித்தது எல்லாம் நாங்கள். ஏற்றிப் போனது மட்டும் தோட்டத்துக்காரர் வண்டி. அங்கிருந்து வெளியே வந்து பெரிய மாமன் ஒரு பழைய பிக்கப்பை வாங்கினார். சைக்கிளைக் கழித்துவிட்டால் குடும்பத்தில் சக்கரம் வைத்த முதல் சொத்து அதுதான். கொஞ்ச நாளில் சின்ன மாமனும் ஒன்று வாங்கினார். வாங்கியது தப்பில்லை. அண்ணன் வாங்கிய கம்பெனி வண்டியை வாங்காமல் வேறு கம்பெனி வண்டியை வாங்கிவிட்டார். அதோடு பேச்சு நின்றுபோனது.

சிரிக்காதீர்கள். அண்ணன் தம்பி சண்டை போட மற்றவர்களுக்கு வரப்பு இருக்கிறது, கிணறு இருக்கிறது. எங்களுக்கு என்ன இருந்தது? வண்டிதான் இருந்தது.

நாலு வருடம் பேசவில்லை. பேசவில்லை என்றால் நேருக்கு நேர் பேசவில்லை. இளக்காரம் மட்டும் தடையில்லாமல் போய்வந்துகொண்டிருந்தது, எல்லாம் அம்மா வழியாக. எங்கள் பக்கம் திட்டினாலும் மரியாதை குறையாது.

"அவுங்க வண்டி வெறும் தகரமுங்க்கா. மழை பேஞ்சா உள்ள உக்காந்து பேச முடியாதுங்க, அத்தனை சத்தமுங்க" என்பார் சின்ன மாமன்.

"அவரு வண்டி பிரேக்கு இருக்குதுங்களே, பஞ்சாயத்து போர்டாட்டங்க. இன்னிக்குச் சொன்னா நாளைக்குத்தான் கேக்குமுங்க" என்பார் பெரிய மாமன்.

இரண்டு வண்டியிலும் நான் போயிருக்கிறேன். இரண்டும் சொன்னபடிதான் இருந்தன என்பதை அவர்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு வீடியோ வேண்டியிருக்கவில்லை. பெரிய மாமனுக்கு விரல் முட்டி போதும். எந்த வண்டியைப் பார்த்தாலும் பக்கத்தில் போய் இரண்டு தட்டுத் தட்டுவார். காதைச் சாய்த்துக் கேட்பார். 'தகரம்' என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு. கல்யாண மண்டபத்தில் தட்டுவார், ஆஸ்பத்திரி வாசலில் தட்டுவார். ஒரு தடவை சாவு வீட்டில் பெட்டி ஏற்ற நின்ற வண்டியையும் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சின்ன மாமன் பல்லடத்திலிருந்து முட்டை ஏற்றுகிறவர். அதனால் அவருக்கு எல்லாமே பிரேக்தான். தட்டில் ஒரு முட்டை உடைந்தாலும் அது பிரேக் இல்லை என்பார்.

அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் பெரிய மாமன் ஏறினால் அது வேறு கூத்து. எந்த டிரைவரையும் நம்ப மாட்டார். இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவார். பஸ்ஸில்கூட அப்படித்தான். கண்ணை மூடவே மாட்டார். கோயமுத்தூர் வந்து சேர்வதற்குள் முழங்கால் வலி வந்துவிடும்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அம்மாவுக்கு ஒரே ஒரு கவலைதான். "ரெண்டு தம்பியும் ஒண்ணா நின்னு சீர்த்தட்டுத் தூக்கோணும். இல்லீன்னா எனக்கு இந்தக் கலியாணமே வேண்டாம்" என்றாள். எனக்கு வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. மாமன்கள் தனித்தனியே வந்து ஒரே பதிலைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் நின்றால் நான் நிற்க மாட்டேன்.

மாப்பிள்ளை வீடு காரமடை. கல்யாணம் அங்கே சர்ச்சில். யார் வண்டியில் பெண்ணைக் கூட்டிப்போவது என்று அடுத்த தகராறு. அம்மா பாகம் பிரித்தாள். பெண் பெரிய மாமன் வண்டியில், சீர்ச் சாமான் சின்ன மாமன் வண்டியில். ஆக, பொழுது விடியும்போது பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக நான் அம்மாவோடு வெங்காய வண்டியில் ஏறினேன். முந்தின நாள் கழுவித்தான் வைத்திருந்தார். சின்ன வெங்காயம் கழுவினால் போகிற சங்கதியா? காரமடை போவதற்குள் மல்லிகை தோற்றுவிட்டது. என் வீட்டுக்காரர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை "சாப்டீங்களா?" என்பதுதான். வாசத்தை வைத்துத்தான் கேட்டாரோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

கட்டில், பீரோ, அண்டா குண்டாவோடு முட்டை வண்டி பின்னாலேயே வந்தது. பல்லடம் தாண்டி ஓர் இடத்தில் பாலம் வேலை. மண் ரோட்டில் திருப்பிவிட்டிருந்தார்கள். நல்ல மழை பெய்து ஈரம் காயாத ரோடு. அங்கேதான் ஹாரன் அடித்துக்கொண்டு, எங்கள் இரண்டு வண்டிகளையும் ஓரம் கட்டிவிட்டு, தோட்டத்துக்காரர் வண்டி முந்திப் போனது. அவரையும் கல்யாணத்துக்கு அழைத்திருந்தோம். அழைக்காமல் இருக்க முடியாது. அப்போதுதான் அவர் பெரிதாக, வெள்ளையாக, புது வண்டி ஒன்று வாங்கியிருந்தார். வளைவில் அவர் டிரைவர் பிரேக்கை மிதித்தான். வண்டியின் பின்புறம் மாடு வாலை வீசுவதுபோல ஒரு ஆட்டம் ஆடியது. பிறகு ரொம்ப நிதானமாகப் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

பெரிய மாமன் நிறுத்தவில்லை. "சர்ச்சுக்கு நேரமாச்சுங்க்கா" என்று போய்க்கொண்டே இருந்தார். கண்ணாடியில் பார்த்தார். பின்னால் தம்பி வண்டி நின்றுவிட்டது. தம்பி கயிற்றோடு இறங்குகிறார். அவ்வளவுதான், எங்கள் வண்டி பின்னோக்கி வர ஆரம்பித்தது. தோட்டத்துக்காரர் மேல் இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். தூக்கிவிட்ட பேர் தம்பி வண்டிக்குப் போய்விடக் கூடாது.

தோட்டத்துக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டில் நின்றார். "டேய் சாமு, அங்க கட்டுடா. தேவராசு, என்னடா வேடிக்கை பாத்துட்டு நிக்கறே?" சாமு சின்ன மாமன், தேவராசு பெரிய மாமன். கோயமுத்தூர் மரியாதை என்று எல்லாரும் புகழ்கிறார்களே, அது எங்களிடமிருந்து அவருக்குப் போகும். அங்கிருந்து திரும்பி வராது.

முதலில் சின்ன மாமன் இழுத்தார். சக்கரம் சுற்றியது, புகை வந்தது, வெள்ளை வண்டி அசையவில்லை. பெரிய மாமன் கையைக் கட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்து, "முட்டை வண்டிக்கு முட்டைதானுங்க்கா இழுக்கத் தெரியும்" என்றார். பிறகு தன் வண்டியைக் கட்டி இழுத்தார். நான் உள்ளேதான் இருந்தேன். இறங்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வண்டி நடுங்கியது, சேறு கண்ணாடி வரைக்கும் அடித்தது, அதுவும் நகரவில்லை. இப்போது சின்ன மாமன் முறை. "வண்டியக் கொறை சொல்லாதீங்க்கா. கலியாணப் பொண்ணுதான் கனமாட்டிருக்குது."

அம்மா பட்டுப்புடவையோடு சேற்றில் இறங்கினாள். தோட்டத்துக்காரர் முன்னால் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று மட்டும்தான்.

"ரெண்டையும் ஒண்ணாக் கட்டுங்கடா. இல்லீன்னா நான் இப்படியே தாராபுரத்துக்கு நடந்து போறேன். கலியாணமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

முட்டை வண்டி முன்னால், அதற்குப் பின்னால் வெங்காய வண்டி, கடைசியில் பள்ளத்தில் வெள்ளை வண்டி. கயிறு கட்டுவதற்காகப் பெரிய மாமன் தம்பி வண்டியின் பின்பக்கம் குந்தி உட்கார வேண்டியிருந்தது. நாலு வருடத்தில் முதல்முறையாக அந்த வண்டியைத் தொடுகிறார். கை சும்மா இருக்குமா? இரண்டு தட்டுத் தட்டிவிட்டார். சின்ன மாமன் முகம் இறுகிப்போய் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய மாமன் காதைச் சாய்த்தார். ஒன்றும் சொல்லாமல் கயிற்றைக் கட்டினார்.

"மொதல் கியரு. நான் ஹாரன் அடிச்சதும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

"செரிங்க" என்றார் சின்ன மாமன், அவரும் யாரையும் பார்க்காமல்.

ஹாரன் அடித்தது. இரண்டும் சேர்ந்து இழுத்தன. வெள்ளை வண்டி முனகிக்கொண்டு மேலே வந்தது. அதன் பின்பக்க பம்பர் மட்டும் பள்ளத்திலேயே தங்கிவிட்டது. தோட்டத்துக்காரர் பம்பரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"பரவால்லைடா. உங்க டப்பா ரெண்டும் சேந்தா ஒரு வண்டியாட்ட இழுக்குது" என்று சொல்லி ஏறிக் கதவைச் சாத்தினார்.

பெரிய மாமன் போய் அந்த வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"தகரம்."

"சோப்பு டப்பாங்ணா" என்றார் சின்ன மாமன்.

அண்ணா என்று வாயில் வர நாலு வருடம் ஆகியிருந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வண்டியில் ஏறினாள். அழுதாளா சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. எனக்கே இரண்டும் வந்துகொண்டிருந்தது.

சர்ச்சுக்குத் தாமதமாகத்தான் போனோம். போதகர் முகத்தைச் சுளித்தார். மாமன்கள் இருவரும் முழங்கால் வரை சேற்றோடு, ஆளுக்கொரு சீர்த்தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஜெபத்துக்கு நடுவே எனக்குப் பின்னால் குசுகுசுப்பு.

"பிரேக்குப் புடிக்கறப்ப வால் ஆடுச்சு, பாத்தயா?"

"பாத்தனுங்ணா. முட்டை ஏத்தியிருந்தா அத்தனையும் போயிருக்குமுங்ணா."

கடவுள் எங்களை ஆசீர்வதித்தது இந்தப் பேச்சுக்கு நடுவில்தான்.

தம்பிகளைச் சேர்த்துவைத்தது பாசம் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பாசமாவது கத்தரிக்காயாவது. இளக்காரம் பண்ண மூன்றாவதாக ஒரு வண்டி கிடைத்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் வாசலில் சேர்ந்து நின்று வருகிற போகிற வண்டியையெல்லாம் கழுவி ஊற்றினார்கள். அண்ணன் தட்டுவார், தம்பி பிரேக்கைப் பற்றிச் சொல்வார். ஒருவர் வண்டியை ஒருவர் குறை சொல்வதையும் விடவில்லை, இனி நேருக்கு நேராக. அம்மாவுக்கு வேலை மிச்சம். அந்த இரண்டு வண்டியும் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

சின்ன மாமன் போன வருடம் போய்விட்டார். பெட்டியை ஏற்ற வண்டி வந்து நின்றது. பெரிய மாமன் அதன் பக்கத்தில் போய் நின்றார். தட்டுவார் என்று நான் காத்திருந்தேன். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா நின்றார்.

இங்கே புது வண்டியில் பிரவீன் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். சின்ன மாமன் மகனும் கனடாவில் பெரிய பிக்கப் வாங்கியிருக்கிறானாம். வேறு கம்பெனி.

"அது டப்பான்னு அவன்கிட்டச் சொன்னயா?"

"எதுக்குங்க்கா? லைக் போட்டேனுங்க."

"உங்கப்பா இந்த வண்டியப் பாத்தாரா?"

"தாராபுரத்துலருந்து இங்க எங்க ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்ததே இதுலதானுங்க."

"என்ன சொன்னாரு?"

"நல்லா இருக்குதுன்னு சொன்னாருங்க."

"தட்டிப் பாத்தாரா?"

"இல்லீங்க்கா. ஏறி உக்காந்தவரு வழி பூராத் தூங்கிட்டே வந்தாருங்க. அத்தனை சொகுசுங்க்கா வண்டி" என்றான் பெருமையாக.

நான் உட்கார்ந்திருந்த சீட்டில்தான் அவரும் வந்திருக்கிறார். குனிந்து கீழே பார்த்தேன். வலது கால் வைக்கிற இடத்தில் விரிப்பு ஒரு மிதிகூடப் படாமல் புதிதாகவே இருந்தது.