சிமெண்டை உரித்த சுவர்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதம், திருமங்கலம் கடைத்தெருவில் உள்ள எங்கள் நாட்டு மருந்துக் கடையில் நடந்தது இது. கடை என் மாமனாரின் அப்பா கட்டியது. சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம், வாசலுக்கு மேலே பூவேலை செய்த மரமாடம்.

ஒரு பக்கத்துச் சுவர் ஊறிப்போய்ப் பூச்சு உதிர்ந்துகொண்டே இருந்தது. சரக்கெல்லாம் பூசணம். தை பிறந்ததும் இடித்துவிட்டுக் காம்ப்ளெக்ஸ் கட்டுவதென்று என் மகன் முடிவு செய்துவிட்டான். எனக்கு மனசே இல்லை. ஆனால் நான் அஞ்சாவது வரைதான் படித்தவள், கூச்ச சுபாவம் வேறு. கடை விஷயத்தில் நான் வாய் திறந்ததே கிடையாது.

அன்று மழைக்கு ஒதுங்கிய ஒரு அம்மா சுக்கு கேட்டார். நான் பொட்டலம் கட்டுவதற்குள், உதிர்ந்த இடத்தில் விரலை விட்டுச் சுரண்டினார்.

“யக்கா, சுக்கு வாங்க வந்தீகளா, சுவர இடிக்க வந்தீகளா?” என்றான் மகன்.

அவர் சிரித்தார். “இதுக்கு மேல யாரு தம்பி சிமெண்டு பூசுனது?”

“நாந்தேன். பளபளன்னு இருக்கட்டும்னு.”

“அதான் கோளாறு. சுண்ணாம்புச் சுவரு ஈரத்த வெளிய விடும். நீங்க அதுக்கு மழைக்கோட்ட மாட்டிவிட்டு, கழட்டவே இல்ல. உள்ள செங்கல்லு நல்லாத்தான் இருக்கு.”

பழைய கட்டடங்களைச் செப்பனிடும் இஞ்சினியராம் அவர். மகன் நம்பவில்லை. “இம்புட்டு ஊறுனது காயுமாக்கும்?”

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ! “இந்த ஒத்தச் சுவத்த மட்டும் உரிச்சுப் பாப்போம்டா. கோடை வரைக்கும் பொறு. காயலைன்னா இடிச்சுக்க, நான் ஒண்ணும் சொல்லல.”

“ஆத்தாடி, எங்கம்மாவுக்குப் பேச வருது!” என்றான் மகன். ஆனாலும் சரியென்றான்.

அந்த அம்மாவே கொத்தனாரை அனுப்பி வைத்தார். சிமெண்டை உரித்துச் சுவரை அப்படியே ஆறப் போட்டார்கள். தினமும் கடை திறந்ததும் கன்னத்தை வைத்துப் பார்ப்பேன். பங்குனி வெயிலில் ஒருநாள் ஈரமே தட்டவில்லை. மகனைக் கூப்பிட்டேன். அவனும் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டுக் கொத்தனாருக்குப் போன் போட்டான். பிறகு பழைய முறைப்படி எங்கள் கடைக் கடுக்காயையே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்துப் பூசினோம். காம்ப்ளெக்ஸ் பேச்சு அத்தோடு நின்றது. போன வருடம் அதிகாரிகள் வந்து, காப்பாற்ற வேண்டிய பழைய கட்டடங்களின் பட்டியலில் எங்கள் கடையையும் சேர்த்துக்கொண்டு போனார்கள்.

முன்பின் தெரியாத ஒருவர் தானாக வந்து பேசியதால்தான் எனக்கும் அன்று பேச்சு வந்தது. இப்போது கடைக்கு வந்து ஏதோ சொல்லத் தயங்கி நிற்பவர்களைக் கண்டால், கூச்சத்தை ஓரமாக வைத்துவிட்டு நானே முதலில் பேசிவிடுகிறேன்.