நான் மிதிக்காத வாசல்

அந்த டச்சுக்காரனை மொய்ரா மேடம் வீட்டுக்கு அனுப்பியது நான்தான். தெரியாமல் அல்ல. கெட்டது வரட்டும் என்று நினைத்தே அனுப்பினேன்!

இதில் என்ன குற்றம் என்று உங்களுக்குத் தோன்றும். சொல்கிறேன்.

துபாய்ப் பக்கம் புஜைராவில் எண்ணெய்த் தொட்டி கட்டும் கம்பெனியில் நான் ஃபோர்மேன். ஊர் அறந்தாங்கிப் பக்கம். எங்கள் இன்ஜினியர் டங்கன் சார் ஸ்காட்லாந்துக்காரர். அவர் மனைவி மொய்ரா மேடம் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர்.

எங்கே இருந்தாலும் தன் வீட்டு வழக்கத்தை விடாதவர் மேடம். டிசம்பர் கடைசி நாள் வீட்டைப் பெருக்கித் துடைப்பார். இரவு பன்னிரண்டு அடித்ததும் பின்கதவைத் திறந்து பழைய வருஷத்தை வெளியே விடுவார். புது வருஷத்தில் முன்வாசலை முதலில் மிதிப்பவன் கறுத்த தலைமுடிக்காரனாக இருக்க வேண்டும். கையில் கரித்துண்டும் உப்பும் வேண்டும். அப்போதுதான் வீட்டுக்கு நல்லது.

டங்கன் சாருக்கு வழுக்கை. அதனால் என்னைக் கேட்டார்கள். ஹூக்கா புகைக்கும் ஷீஷா கடையில் கரியை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு வருஷமும் போனேன். விருந்தில் முதல் தட்டு எனக்குத்தான்.

கேம்ப் ரூமில் என்னோடு இருக்கும் முருகேசன்தான் ஆரம்பித்தான்.

"மாப்ள, அவங்களுக்கு நீ திருஷ்டிப் பூசணிக்காய்டா. கறுப்பா ஒண்ணு தேவைப்பட்டுச்சு, நீ கெடச்சிட்ட."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட சொல்... இங்கேயும் அதற்குத்தானா கூப்பிடுகிறார்கள்? முடிக்கா, தோலுக்கா என்று மேடத்திடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லாதவனுக்குக் கோபம் மட்டும் எதற்கு?

அந்த வருஷம் டியூட்டி இருக்கிறது என்று பொய் சொன்னேன். சைட்டுக்குப் புதிதாக வந்திருந்த டச்சுக்காரனுக்கும் விருந்துக்கு அழைப்பு இருந்தது. சோளக் கதிரின் நார் போல வெளுத்த தலை அவனுக்கு. அப்படிப்பட்டவன் முதலில் நுழைந்தால் வீட்டுக்கு ஆகாது. முற்காலத்தில் வெளுத்த தலைக்காரர்கள்தான் படகில் வந்து அவர்கள் ஊர் ஜனங்களை வெட்டினார்களாம். எனக்கு இதைச் சொன்னவரே மேடம்தான். எனக்கு எல்லாம் தெரியும்!

கரியையும் உப்பையும் அவனிடம் கொடுத்தேன். பன்னிரண்டு அடித்ததும் நீதான் முதலில் போக வேண்டும், அவர்களுக்குப் பிடிக்கும், நான் சொன்னதாக மட்டும் சொல்லாதே என்றேன். பாவம், சந்தோஷமாகப் போனான்.

எதிர்ப்பக்கம் பிக்கப் வண்டியின் பின்னால் நின்று பார்த்தேன். கதவு திறந்தது. டங்கன் சார் விழுந்து விழுந்து சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. கரியை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

ரூமுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

மார்ச் மாதம் சைட் ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே டங்கன் சார் சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

ஒருவன் தலைமுடி இன்னொருவன் உயிரை எடுக்குமா? எடுக்காது. நான் முட்டாள் இல்லை. ஆனால் மேடம் நம்புகிறாரே...

துக்கத்துக்குப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார்: "கதவைத் தொறக்கறதுக்கு முன்னாடி யாருன்னு பாத்திருக்கணும், செல்வம். எங்கம்மா பாக்காமத் தொறக்கவே மாட்டாங்க. நான் பாக்காமத் தொறந்துட்டேன்."

உனக்கு டியூட்டி, நீ என்ன செய்வாய் என்று எனக்கே சமாதானமும் சொன்னார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அனுப்பியவன் நான் என்ற ஒரு வார்த்தை போதும். பழியைத் தன் தலையிலிருந்து இறக்கி என் மேல் வைத்திருப்பார். உங்கள் தப்பு இல்லை மேடம் என்று மட்டும் முனகிவிட்டு வந்தேன். கோழை!

மேடம் ஊருக்குத் திரும்பவில்லை. துபாயில் இருக்கும் மகன், இனி இதெல்லாம் எதற்கு என்கிறானாம். நான் விட்டால் என் குடும்பத்தில் இது என்னோடு முடிந்துவிடும் என்று சொல்லி விடாமல் செய்கிறார். என்னை நம்பித்தான் செய்கிறார்.

என் தலை நரைத்துவிட்டது. டிசம்பர் கடைசி நாள் மதியம் கேம்ப் குளியலறையில் சாயம் பூசுகிறேன்.

"இன்னைக்கு என்ன மாப்ள, பொண்ணு பாக்கவா?" என்கிறான் முருகேசன்.

கரியோடு போய் பெல் அடிப்பேன். கதவில் இப்போது வெளியே பார்க்கும் கண்ணாடித் துளை வைத்திருக்கிறார். அவர் பார்க்கட்டும் என்று விளக்கு வெளிச்சத்தில் தலையைக் குனிந்து நிற்பேன். நெடுநேரம் பார்ப்பார்.

வந்திருப்பது நான்தான் என்று உறுதியான பிறகு, பயமில்லாமல் கதவைத் திறப்பார்.