கத்தரீனாவும் இரண்டு சீயும்

"சீ எண்டால் கடல். சீ எண்டால் காணுறது." கத்தரீனா விளைமீனின் செதிலை உரசித் தள்ளுகிறாள். மீன் வாங்க வந்த பெண்ணின் முகம் சுண்டிப்போகிறது. "உனக்கில்லைப் பிள்ளை, இது இங்கிலீசு" என்றபடி அடுத்த மீனை எடுக்கிறாள்.

குருநகர் மீன்சந்தையில் அவளைத் தெரியாதவர் இல்லை. வயது நாற்பதுக்கு மேல். மாலையானால் ஓலைக் கொட்டிலில் நடக்கும் இங்கிலீசு ரியூசனில் பத்தாம் வகுப்புப் பெட்டைகளோடு வாங்குப் பலகையில் குந்திவிடுவாள். எத்தனை முறை கழுவினாலும் கையில் மீன் மணம் நிற்கும், பெட்டைகள் ஒதுங்குவார்கள். "மணந்தால் மூக்கைப் பொத்துங்கோ. நான் வாங்கை விடன்" என்பாள்.

ஒரே சத்தத்துக்கு இரண்டு பொருள் வைத்த வெள்ளைக்காரன்மேல் அவளுக்குச் சரியான கோபம். "கிழமையும் வீக், பெலயீனமும் வீக். பஞ்சத்திலை பிறந்த பாசையே உது?" ஆனாலும் விட்டாளில்லை. சொல் தனியே நின்றால்தான் ஏமாற்றும், துணைக்கு நாலு சொல் பக்கத்தில் நின்றால் தன்னை யாரென்று காட்டிவிடும் என்று கண்டுகொண்டாள். அன்றுமுதல் முழு வசனமாகவே பாடமாக்குகிறாள்.

பாடம் பரீட்சைக்கல்ல. தொண்ணூற்றொன்றில் கடலுக்கு மீன்பிடிக்கப் போன அவள் கணவன் சூசைதாசனை நேவிக்காரர் வள்ளத்தோடு கொண்டுபோனார்கள். கரையில் நின்று அவள் கண்ணால் கண்டாள். காணாமற்போனவர்களைத் தேடும் வெளிநாட்டு நிறுவனத்தின் கந்தோரில் அவள் அழுது குழறிச் சொன்னதையெல்லாம், மொழிபெயர்க்கிற வின்சன்ற் ஒரே இங்கிலீசு வசனத்தில் முடித்துவிட்டார்.

"என்ன தம்பி சொன்னனீர்?"

"கடலிலை துலைஞ்சவர் எண்டன். அது காணும் அக்கா, வேறை வேண்டாம்."

"என்ரை மனிசன் துலையேல்லை! கொண்டுபோனவங்கள். நான் கண்டனான்!"

அதற்குள் விவரம் எழுதிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவள் ரியூசனில் போய்ச் சேர்ந்தாள்.

போன வெள்ளிக்கிழமை மறுபடி போனாள். வின்சன்ற் வழக்கம்போலத் தன் கதிரையை அவளுக்கும் வெள்ளைக்காரிக்கும் நடுவில் இழுத்துப் போட்டார்.

"எழும்பும் தம்பி. நான் கதைக்கிறன்."

"பிழைபிழையாய்ச் சொல்லப்போறியள் அக்கா."

"பிழையெண்டாலும் என்ரை வாயாலை வரட்டும்."

வின்சன்ற் வெள்ளைக்காரியைப் பார்த்தார். அவள் பேனையைத் திறந்து கத்தரீனாவின் பக்கம் திரும்பினாள். அவர் மெல்ல எழுந்தார். கத்தரீனா அந்தக் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் விறாந்தையில் வைத்து அவரை அதில் இருத்திவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.