எல்லோரும் கண்ணை மூடிய படம்

புது டிஜிட்டல் கேமரா வந்த வாரம் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஜோகுபாளையத்தில் நானும் என் வீட்டுக்காரரும் நடத்திய ஸ்டூடியோவில் படம் எடுப்பது நான், லைட்டுகள் அவர் பொறுப்பு. பழைய பிலிம் கேமராவைக் கொடுத்துவிட்டுத்தான் இதை வாங்கினோம். ஸ்டூடியோ லைட்டின் ஒயரைச் செருக இதில் இடமே இல்லை. அதனால் என்ன, கேமராவின் தலையில் இருக்கிற குட்டி பிளாஷைத் தூக்கிவிட்டால் போதும், அதைப் பார்த்துப் பெரிய லைட்டுகள் தானாக மின்னும் என்றார் அவர். நானும் தலையாட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கவயலிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அம்மா, அவருடைய மூன்று மகன்கள், ஒரு மருமகள், ஒரு பேத்தி. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்த மூத்தவருக்கு அன்று இரவே அமெரிக்காவுக்கு விமானம். அம்மாவோடு ஒழுங்கான படம் ஒன்றுகூட இல்லை, கையோடு கொண்டுபோக வேண்டும் என்றார்.

நிறுத்திவைத்து அழுத்தினேன். இரண்டு லைட்டும் பளீரென்று மின்னின. திரையில் பார்த்தால் ஒரே இருட்டு. மறுபடி அழுத்தினேன், மறுபடியும் இருட்டு. லைட் மின்னுவதைத்தான் கண்ணால் பார்க்கிறேனே, கோளாறு கேமராவில்தான் என்றார் வீட்டுக்காரர். என் கேமராவைக் குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தவர்கள் முன்னாலேயே முட்டிக்கொண்டோம். மூத்தவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நான்தாம்மா கெடுக்கிறேன். ரேஷன் கார்டுலருந்து எல்லா போட்டோலயும் கண்ண மூடிக்கினுதான் இருப்பேன். என்னை வுட்டுட்டு புள்ளைங்கள எடு."

எனக்குச் சுருக்கென்றது. அப்படி இல்லை என்று அவருக்குக் காட்டத்தான் அந்த இருட்டுப் படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். குட்டி பிளாஷின் மங்கல் வெளிச்சத்தில் முகங்கள் லேசாகத் தெரிந்தன. அம்மாவின் கண் மூடித்தான் இருந்தது. ஆனால் மருமகளின் கண்ணும் சொக்கியிருந்தது. பேத்திக்கும் அப்படியே, மூத்தவருக்கும் அப்படியே. ஒருவர் கண்ணை மூடலாம், குடும்பமே சொல்லிவைத்தாற்போல் மூடுமா? அப்படியென்றால் படம் பதிவாவதற்கு முன்பே வெளிச்சம் அவர்கள் கண்ணில் அடித்துவிட்டது!

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. குட்டி பிளாஷ் வெளிச்சத்தை அளந்து பார்க்க முதலில் ஒரு தடவை மின்னுகிறது, படத்துக்காக அடுத்த தடவை. இரண்டும் அடுத்தடுத்து வருவதால் நம் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகிறது. எங்கள் அவசரக்குடுக்கை லைட்டுகளோ முதல் மின்னலுக்கே மின்னித் தீர்ந்துவிடுகின்றன. லைட்டும் சரி, கேமராவும் சரி. நாங்கள் சண்டை போட்டதுதான் வீண்.

அம்மாவைக் கையைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தேன். தப்பு உங்களுடையது இல்லை, எங்கள் லைட் முந்திக்கொள்கிறது என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. குட்டி பிளாஷை மேனுவலுக்கு மாற்றினேன், ஒரே ஒரு தடவை மட்டும் மின்னும்படி. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.

திரையில் ஆறு முகங்களும் பளிச்சென்று இருந்தன. சந்தோஷத்தில் வீட்டுக்காரரின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். கேமராவைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். அவர் மற்றவர்களைப் பார்க்கவில்லை. அகலத் திறந்திருந்த தன் கண்களையே வெகுநேரம் பார்த்தார்.

"இதையே பெரியவன் கைல குடும்மா," என்றார். "அங்க போயி பாத்தா, நானும் அவன பாத்துக்கினு இருக்கணும்."