ஓரடி குறைந்த நிழல்துணி

ஜனவரி மாதத்தில் வெர்லா டுவெய்டின் தொலைபேசி ஓய்வதில்லை. க்வார்ட்ஸைட் ஊரைச் சுற்றியுள்ள பாலைவெளியில் அப்போது ஆட்கள் உள்ளேயே குடியிருக்கும் வீட்டு வண்டிகள் எத்தனை ஆயிரம் நிற்கும் என்று யாரும் சரியாக எண்ணியதில்லை. அநேகமாக எல்லா வண்டிக்கும் கதவுப் பக்கம், மேலிருந்து வெளியே இழுத்து விரிக்கும் ஒரு நிழல்துணி உண்டு. தினமும் எங்கேயாவது ஒன்று கிழியும். கிழிந்தால் வெர்லாவைத்தான் கூப்பிட வேண்டும்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. வட டகோட்டாவில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தார். ஒரு குளிர்காலத்தை மட்டும் வெயிலில் கழிப்போம் என்று கணவர் ட்வைட்டோடு இங்கே வந்தார். மார்ச்சில் ட்வைட் ஊருக்குக் கிளம்பினார். ஒப்புக்கொண்ட வேலை இன்னும் நாலு பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றார் வெர்லா. அது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். விவாகரத்து செய்ய வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

வேலைக்கு அழைப்பவர்களிடம் அவர் முதலில் விலையைச் சொல்ல மாட்டார். ஈரத்தோடு கடைசியாக எப்போது சுருட்டி வைத்தீர்கள் என்று கேட்பார். எத்தனை கிளாஸ் குடிக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டால் என்ன பதில் வருமோ, அந்த மாதிரிப் பதில்தான் இதற்கும் வரும். வியாழக்கிழமை மாலை அழைத்த ஓர்வில் ஸ்ட்ரூப்பும் ஒருபோதும் இல்லை என்றுதான் ஆரம்பித்தார். வெர்லா அதே கேள்வியை மறுபடியும் கேட்டார்.

“ஒரே ஒரு தடவை,” என்றார் ஓர்வில். “ஆர்கன்சாஸ்ல.”

“எத்தனை நாள்?”

“மூணு வாரம்.”

ஈரத்தோடு மூன்று வாரம் சுருண்டு கிடந்த துணியில் கறுப்புப் பூஞ்சை பிடித்து, தையல் இற்று, ஊசித் துளைகள் விழுந்திருந்தன. வண்டிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது ஒழுகினாலும் கூரைக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டை எடுத்துப் பூசிவிடுவார்கள். ஓர்வில் நிழல்துணிக்கும் அதையே பூசினார். காய்ந்ததாக நினைத்துச் சுருட்டினார். பெயிண்டோடு பெயிண்ட் ஒட்டிக்கொண்டது. அடுத்த முறை இழுத்தபோது துணி நீளவாக்கில் இரண்டாகக் கிழிந்தது.

சாதாரணமாக வெர்லா இதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் தேதி கொடுப்பார். ஆனால் ஓர்வில் தன் நிலைமையைச் சொன்னார். மனைவி நெட்டிக்கு நவம்பரில் பக்கவாதம் வந்தது. யூமாவில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் இருக்கிறார். சனிக்கிழமை வெளியே அனுப்புகிறார்கள், ஆனால் வாரத்தில் ஐந்து நாள் பயிற்சிக்கு அங்கே போக வேண்டும். மின்சாரமோ தண்ணீர்க் குழாயோ இல்லாத பாலைவெளிக்கு அவரைக் கூட்டிவர முடியாது. மருத்துவமனைக்கு ஐந்து நிமிடத் தூரத்தில், மின்சாரம் தண்ணீரோடு வண்டியை வாடகைக்கு நிறுத்தித் தங்கும் ஒரு வண்டிப் பூங்கா இருக்கிறது. அதில் ஒரே ஒரு இடம் காலி. பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளைப் பெரும்பாலான பூங்காக்கள் உள்ளே விடுவதில்லை. ஓர்விலின் வண்டிக்கு இருபத்தேழு வயது. அங்கே மேலாளராக இருக்கும் ரமோனா கிஹூயிஸ், வண்டி எப்படி இருக்கிறது, குறிப்பாக நிழல்துணி எப்படி இருக்கிறது என்று வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் காணொளியில் காட்டுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார். அதற்குப் பிறகு அந்த இடம் ஆல்பர்ட்டாவிலிருந்து புது வண்டியோடு வந்திருக்கும் தம்பதிக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வெர்லா போய்விட்டார். ஒன்பதரைக்கு மேல் காற்று எழும். காற்றில் அவர் துணி மாற்ற மாட்டார். ஓர்வில் புதுத்துணியை முன்பே தபாலில் வரவழைத்து வைத்திருந்தார். பெட்டியைப் பிரித்து, தரையில் பாயை விரித்து, அதன் மேல் துணியைப் போட்டு வெர்லா அளந்தார். மறுபடியும் ஒருமுறை அளந்தார். பிறகு, ஆர்டர் கொடுக்கும்போது எதை அளந்தீர்கள் என்று கேட்டார்.

“துணியைத்தான். துணிதானே வாங்குறோம்?”

அதுதான் தவறு. வண்டியின் பக்கத்திலிருந்து நீளும் இரண்டு இரும்புக் கைகள்தான் நிழல்துணியைத் தாங்குகின்றன. ஒரு கையின் நடுவிலிருந்து மறு கையின் நடுவரை அளந்து கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். பதினெட்டு அடி என்று சொன்னால் அவர் பதினேழடி இரண்டங்குலத் துணியைத் தருவார். ஓர்வில் துணியை அளந்து பதினேழு என்று எழுதியதால் பதினாறடி இரண்டங்குலத் துணி வந்திருந்தது. சரியாக ஓரடி குறைவு. திருப்பி அனுப்பி வேறு வரவழைக்க எட்டு நாள் ஆகும்.

ஓர்வில் கொஞ்ச நேரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து ஒரு யோசனை சொன்னார். துணியை ஒரேயடியாகக் கதவு இருக்கும் முன்கோடிப் பக்கமாகத் தள்ளி மாட்டிவிட்டால், வண்டிக்கு முன்னால் நின்று காணொளியில் காட்டும்போது முழுத்துணி மாதிரியே தெரியும். பின்கோடியில் இருக்கும் இடைவெளி கண்ணில் படாது.

வெர்லா முடியாது என்றார். துணி சுற்றிக்கொள்ளும் உருளையின் இரு முனையிலும் ஸ்பிரிங் இருக்கிறது. துணி ஒரு பக்கமாக இருந்தால் இரண்டும் ஒரே அளவில் இழுக்காது. கோணலாகச் சுருளும், பூட்டு சரியாக விழாது. மாட்டுவதாக இருந்தால் நடுவில்தான் மாட்டுவேன், இரு பக்கமும் அரையடி குறையும், அது தெரியத்தான் செய்யும் என்றார்.

“என் பெண்டாட்டி தெருவுல நிக்கப் போறா,” என்றார் ஓர்வில். “நீங்க ஸ்பிரிங் கணக்கு பேசுறீங்க.”

“அவங்க தலை மேல அது அவிழ்ந்து விழுந்தா அப்போ என்ன பேசுவோம்?”

பக்கத்து வண்டிக்காரர் கஸ், சஸ்காச்சுவானைச் சேர்ந்தவர், காப்பிக் கோப்பையோடு அங்கே வந்து நின்றிருந்தார். இங்கே ஏணி விரித்த இடத்தில் ஆள் சேரும், சேர்ந்தவருக்கு வேலையும் கிடைக்கும். வெர்லா அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு உருளையின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார்.

“எனக்கு முதுகுவலி,” என்றார் கஸ்.

“வாயில இல்லையே. ஸ்பிரிங் முறுக்கும்போது சுத்தை எண்ணுங்க.”

வேலை நடந்தது. இரு முனையின் ஸ்பிரிங்குகளையும் சுழலவிடாமல் ஆணி செருகிப் பூட்டிவிட்டு, உருளையைக் கழற்றிக் கீழே இறக்கினார்கள். வண்டிச் சுவரின் மேல்விளிம்பில் ஓடும் காடியிலிருந்து பழைய துணியை உருவி எடுத்தார்கள். பெயிண்ட் பிசுக்கால் அதற்கே அரைமணி பிடித்தது. வெர்லா காடியைத் துடைத்து, வழுக்கும் திரவம் தெளித்து, புதுத்துணியின் விளிம்பை ஒரு முனையில் நுழைத்தார். அவர் ஏணியில் நின்று ஊட்ட, ஓர்வில் மறுமுனையிலிருந்து இழுத்தார். துணி தரையில் படாமல் கஸ் நடுவில் தாங்கினார். பிறகு வெர்லா உருளையின் நடுவையும் துணியின் நடுவையும் அளந்து, மெழுகுக் குச்சியால் கோடு போட்டு, இரண்டு கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, உருளையை மறுபடி இரும்புக் கைகளுக்கு இடையில் மாட்டினார். இடது ஸ்பிரிங்கைப் பதினாறு சுற்று முறுக்கினார், வலதையும் பதினாறு. கஸ் உரக்க எண்ணினார். பதினொன்றை இரண்டு தடவை எண்ணிவிட்டார் என்று வெர்லா முறுக்கை அவிழ்த்துவிட்டு மறுபடி முறுக்கினார்.

மணி ஒன்பதே முக்கால். காற்று லேசாக எழுந்திருந்தது. ஓர்வில் அதற்குமேல் தள்ளிப் போடாமல் ரமோனாவைக் காணொளியில் அழைத்தார். வண்டியின் முன்பக்கத்தில் நின்றே கேமராவைப் பிடித்திருந்தார். பின்கோடிக்கும் போங்கள் என்றார் ரமோனா. போனார்.

துணி ஏன் இரண்டு பக்கமும் குட்டையாக இருக்கிறது என்று ரமோனா கேட்டார். வெர்லா போனை வாங்கி, ஓர்வில் இரும்புக் கைகளை அளக்காமல் துணியை அளந்துவிட்டார் என்றார்.

“அது இருக்கட்டும்,” என்றார் ரமோனா. “சுருட்டிக் காட்டுங்க.”

ஓர்வில் நீளக் கொக்கியால் உருளையின் நெம்புகோலை மாற்றி, துணியில் தொங்கும் நாடாவைப் பிடித்தபடி மெல்ல விட்டார். துணி எந்தப் பக்கமும் சாயாமல் நேராகச் சுருண்டு மேலே போய் நின்றது. கைகள் மடிந்தன. பூட்டைப் போட்டார். இழுத்துப் பாருங்கள் என்றார் ரமோனா. ஓர்வில் இழுத்தார். போதாது, பலமாக இழுங்கள் என்றார். கஸ்ஸும் சேர்ந்து தொங்கினார், முதுகுவலிக்காரர். அது அசையவில்லை.

போன வசந்தத்தில் தன் பூங்காவில் ஒரு பழைய வண்டியின் நிழல்துணி காற்றில் தானாக அவிழ்ந்து, உருளையோடு பக்கத்து வண்டியின் கூரை மேல் போய் விழுந்தது என்று ரமோனா சொன்னார். துணி எத்தனை அடி என்பதைப் பற்றித் தனக்குக் கவலையில்லை, பூட்டினால் பூட்டியபடி இருக்க வேண்டும் என்றார். ஆல்பர்ட்டாக்காரர்களுக்கு வேறு இடம் கிடைத்துவிடும், புது வண்டியோடு அவர்கள் எங்கேயும் போகலாம் என்றார்.

“பதினாலாம் நம்பர். ரெண்டு மணிக்கு மேல வாங்க. வெளியே போகும்போது துணி சுருட்டிப் பூட்டி இருக்கணும். ஒரு நாள் மறந்தாலும் நான் வந்து கதவைத் தட்டுவேன்.”

ஓர்வில் சரி என்றார். திரும்பவும் சரி என்றார். பிறகு வண்டிக்குப் பின்பக்கம் போய் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

கூலி வாங்கிய பிறகும் வெர்லா உடனே கிளம்பவில்லை. ஒரு வாளியில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, மென்மையான துடைப்பத்தை ஓர்விலிடம் கொடுத்தார். ப்ளீச் வேண்டாம், தையலைத் தின்றுவிடும். கூரைப் பெயிண்ட் டப்பாவைத் தரச் சொல்லி வாங்கித் தன் வேனில் போட்டுக்கொண்டார். சோப்புத் தண்ணீரைத் துணியில் தேய்த்துவிட்டு அப்படியே சுருட்டி ஐந்து நிமிடம் விட்டால் மறுபக்கமும் ஊறிவிடும், பிறகு பிரித்து அலசிக் காயவிட்டால் போதும் என்றார். மழையில் சுருட்ட நேர்ந்தால், வெயில் வந்தவுடன் விரித்துவிட வேண்டும்.

சனிக்கிழமை மாலை மருத்துவமனை வேன் நெட்டியைப் பதினாலாம் நம்பரில் இறக்கியது. ஓர்வில் சக்கர நாற்காலியைத் துணிக்குக் கீழே தள்ளிக்கொண்டு போனார். நெட்டிக்குப் பேச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அண்ணாந்து பார்த்துவிட்டு, ஓரத்தில் வெயில் விழுகிற இடைவெளியை நல்ல கையால் காட்டினார்.

“புது மாடல் இப்படித்தான் வருதாம்,” என்றார் ஓர்வில்.

நெட்டி அவரையே பார்த்தார். நாற்பத்தாறு வருடக் குடித்தனம்.

“அளவு,” என்றார் நெட்டி.