திருமயத்தில் ஒரு குளம்பி

திருமயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. மலேசியாவின் ஈப்போவில் இருபது வருடமாகத் தமிழ் கற்பிப்பவள் நான். காப்பிக்குத் தூய தமிழ்ச் சொல் இருக்க, தமிழ்நாட்டில் வந்து அதைச் சொல்லாமல் விடுவேனா?

"ஐயா, பாலும் சீனியும் இல்லாமல் ஒரு குளம்பி கொடுங்கள்."

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்துகிறார். "கொழம்பா? சாப்பாடு பன்னெண்டு மணிக்கு மேலதாங்கக்கா."

"குழம்பு இல்லை, குளம்பி!"

பெஞ்சில் இருப்பவர் பேப்பரை இறக்கி என்னைப் பார்க்கிறார். எனக்குக் காது சூடாகிறது. எங்கள் ஊர்க் கடைகளில் கேட்கிற மாதிரியே முணுமுணுக்கிறேன்: "கோப்பி ஓ கோசோங்."

கடைக்காரர் முகம் மலர்கிறது. "அட, இத மொதல்லயே தமிழ்ல சொல்லிருக்கலாம்லக்கா! மலேசியாவுல, கிள்ளான்ல பதினோரு வருசம் இதத்தான போட்டுக்கிட்டிருந்தேன்!"

ஆவி பறக்கக் கறுப்புக் காப்பி வருகிறது. பாலும் இல்லை, சீனியும் இல்லை.

"யாருண்ணே இவுங்க?" என்கிறார் பெஞ்சுக்காரர்.

"நம்ம ஊருக்காரவுங்கதான்ப்பா."

காலி கிளாஸை நீட்டி, தெளிவான தமிழில் கேட்கிறேன்: "இன்னொரு கோப்பி ஓ கோசோங்."